அகச்சிவப்புப் படமெடுக்க ஃபில்டர் போதுமா, கேமராவையே மாற்ற வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஆறேழு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று கிட் லென்ஸோடு சும்மா கிடக்கிறது. வெள்ளை மரமும் கருத்த வானமுமாக வரும் அகச்சிவப்புப் படங்கள் எடுக்க ஆசை. 720 ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டினால் போதுமா, கேமராவையே பிரித்து மாற்ற வேண்டுமா? மாற்றிவிட்டால் பிறகு சாதாரணப் படம் எடுக்கவே முடியாதா?"

சும்மா கிடக்கும் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) என்பதால், கடைசியில் அதைப் பிரித்து மாற்றுவதுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் முதலில் ஃபில்டரை வாங்குங்கள் (720 என்பது அது ஒளியை உள்ளே விடத் தொடங்கும் அலைநீளம், நானோமீட்டரில்). இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், உங்கள் லென்ஸ் இதற்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். பாடியை மாற்றக் காசு கொடுத்த பிறகு லென்ஸ் சரியில்லை என்று கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இது வெப்பத்தைப் படம் பிடிப்பதல்ல. மனித உடலைச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டும் வெப்பக் கேமரா, சுமார் 8,000 முதல் 14,000 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கிறது. சாதாரண லென்ஸின் கண்ணாடி அந்தக் கதிர்களை உள்ளேயே விடாது. நாம் பேசுவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு முடிகிற 700 நானோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 1,100 வரையான ஒளி. 1,100க்கு மேல், கேமராவுக்குள் படத்தைப் பதியும் சிலிக்கான் சென்சாருக்கே பார்வை கிடையாது. இந்த ஒளி பொருளிலிருந்து கிளம்புவதில்லை. வெயில் பட்டுத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். இருட்டில் இதுவும் இருட்டுதான்.

இலை வெளுப்பது எதனால்? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்குகிறது. 700ஐத் தாண்டியதும் அதற்கு அந்த ஒளியில் வேலையில்லை, விட்டுவிடுகிறது. இலைக்குள் ஈரமான செல்களும் அவற்றுக்கு இடையே காற்றிடைவெளிகளும் மாறி மாறி இருப்பதால், விடப்பட்ட ஒளி அங்கே சிதறிச் சிதறித் திரும்ப வெளியே வருகிறது. நல்ல இலை பச்சை ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பும் என்றால், அகச்சிவப்பில் பாதிக்கு அருகே அனுப்பும். ஆக, பச்சையாக இருப்பதால் வெளுப்பதில்லை, உயிருள்ள இலையாக இருப்பதால் வெளுக்கிறது. 1910ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இப்படிப்பட்ட நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார். அதனால் இந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

வானம் கருப்பதற்குக் காரணம் வேறு. காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 450 நானோமீட்டர் நீலத்தோடு ஒப்பிட்டால் 850ல் சிதறல் ஏறத்தாழ பதிமூன்றில் ஒரு பங்குதான். தூரத்து மலை பளிச்சென்று தெரிவதும் இதே காரணத்தால். ஆனால் மூடுபனியையும் இது ஊடுருவும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பனித்துளி அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது. மெல்லிய புகைமூட்டம் விலகும், மூடுபனி விலகாது. தண்ணீர் இந்த ஒளியைக் குடித்துவிடுவதால் ஆழமான நீர்ப்பரப்பு கருப்பாக வரும்.

சரி, சென்சாருக்கு இந்த ஒளி தெரியும் என்றால் சாதாரணப் படங்களில் ஏன் வருவதில்லை? சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு மெல்லிய கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நிறங்கள் குழம்பும். 2006ல் வந்த லைக்கா எம்8ல் இந்தத் தடுப்பு பலவீனமாக இருந்ததால், கறுப்பு செயற்கை இழைத் துணிகள் ஊதா கலந்து வந்தன. கடைசியில் அந்த நிறுவனமே வாங்கியவர்களுக்கு லென்ஸ் முன்னால் மாட்டத் தடுப்பு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. அந்தக் குறையையே வரமாக எடுத்துக்கொண்டு எம்8ஐ அகச்சிவப்புக்கு வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

உங்கள் பாடியில் தடுப்பு எவ்வளவு பலம் என்று தோராயமாகப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இருட்டறையில் டிவி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்தியபடி ஒரு நொடி எக்ஸ்போஷரில் படமெடுங்கள். ரிமோட் விளக்கு பெரும்பாலும் 940 நானோமீட்டரில் எரிவது. அது படத்தில் பிரகாசமாக வந்தால் தடுப்பு பலவீனம், உங்களுக்கு நல்லது. மங்கலான புள்ளியாக வந்தால் ஃபில்டரோடு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். நிக்கான் டி70 போன்ற ஆரம்பகால பாடிகள் இதில் தாராளம். பின்னால் வந்தவை பெரும்பாலும் கண்டிப்பு.

இப்போது ஃபில்டர் வழி. ஹோயா ஆர்72 போன்ற 720 ஃபில்டர் பார்க்கக் கறுப்புக் கண்ணாடிதான். கேமராவின் உள் தடுப்பு 700க்கு மேல் உள்ளதை வெட்டுகிறது, முன்னால் மாட்டிய ஃபில்டர் 720க்குக் கீழே உள்ளதை வெட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே கசிவதை வைத்துத்தான் படம். நல்ல வெயிலில் எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின், அதாவது அபெர்ச்சரின் அளவு), ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100ல் 1/250 நொடி போதும் இடத்தில், ஃபில்டர் போட்டதும் 15 நொடி ஆகலாம். அதாவது கிட்டத்தட்ட 12 ஸ்டாப் இழப்பு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது).

அதனால் டிரைபாட் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. ஃபில்டர் இல்லாமலேயே ஃப்ரேமைத் தீர்மானித்து, ஃபோகஸ் செய்து, ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஃபில்டர் மாட்டிய பிறகு வியூஃபைண்டரில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. மாட்டும்போது ஃபோகஸ் வளையம் நகர்ந்துவிடாமல் லென்ஸின் முன்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிட் லென்ஸ்களில் இது அடிக்கடி நடக்கும். வியூஃபைண்டர் கண்ணாடியை மூடிவிடுங்கள், நீண்ட எக்ஸ்போஷரில் அந்த வழியாகவும் வெளிச்சம் உள்ளே கசியும். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் குவியும் என்பதால், ஃபோகஸை ஒரு மயிரிழை அருகே கொண்டுவர வேண்டும். பழைய மேனுவல் லென்ஸ்களில் இதற்காகவே ஒரு சிவப்புப் புள்ளி போட்டிருப்பார்கள். உங்கள் லென்ஸில் அது இருக்காது. எஃப் 8 வைத்து ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, வளையத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடி எடுங்கள். லைவ் வியூ இருந்தால் கடும் வெயிலில் ஃபில்டர் வழியாகவே மங்கலாகத் தெரிய வாய்ப்பு உண்டு, அப்படியானால் வேலை பாதி.

15 நொடியில் இலைகள் ஆடும், மேகம் இழுபடும். அது பிடித்தால் சரி, பிடிக்காவிட்டாலும் வேறு வழியில்லை. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: இந்த வழியில் சென்சாருக்கு வந்துசேரும் ஒளியில் பெரும்பகுதி சிவப்புப் பிக்சல்களில்தான் பதிகிறது. அவை மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. மற்றவற்றில் பெரும்பாலும் நாய்ஸ், அதாவது படத்தைக் கெடுக்கும் வேண்டாத புள்ளிகள். ஃபில்டர் படங்கள் எப்போதும் கொஞ்சம் கொழகொழவென்று இருப்பதற்கு இலையாட்டம் மட்டும் காரணமில்லை.

முதல் படம் திரையில் இரத்தச் சிவப்பாக வரும். பயப்பட வேண்டாம், எது வெள்ளை என்று கேமரா முடிவு செய்யும் வொயிட் பேலன்ஸின் வேலைதான். வெயில் படும் புல்லையோ இலைகளையோ ஃப்ரேம் முழுக்க நிரப்பி ஃபில்டரோடு ஒரு படம் எடுத்து, அதையே கஸ்டம் வொயிட் பேலன்ஸாகக் கொடுங்கள். சில பாடிகள் ஏற்க மறுக்கும். எப்படியானாலும் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். அப்புறம் கணினியில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது: லைட்ரூம் போன்றவற்றில் வண்ண வெப்பநிலை 2,000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, நமக்கோ அதற்கும் கீழே வேண்டும். அடோபியின் டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டரில் வெப்பநிலையைக் கீழே இழுத்து, உங்கள் கேமராவுக்கென்று ஒரு ப்ரொஃபைல் செய்துகொண்டால் இது தீர்ந்துவிடும். ஒருமுறை செய்தால் போதும்.

நீல வானமும் வெளுத்த இலையும் வரும் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அது சேனல் மாற்று, அதாவது படத்தின் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றுவது. வொயிட் பேலன்ஸ் சரியானதும் வானம் செங்கல் நிறத்திலும் இலை லேசான நீலச்சாம்பலிலும் இருக்கும். சேனல் மிக்ஸரில் சிவப்பு வெளியீட்டுக்கு சிவப்பு 0, நீலம் 100 என்றும், நீல வெளியீட்டுக்கு சிவப்பு 100, நீலம் 0 என்றும் வைத்தால் இரண்டும் இடம் மாறிவிடும். இந்த நிறங்களில் உண்மை எதுவுமில்லை. 720ஐ ஒட்டிய பகுதியில் பிக்சல்களின் மூன்று நிறச் சாயங்களும் ஒளியை வெவ்வேறு அளவில் விடுவதால் கிடைக்கும் வித்தியாசம்தான் அது. 850க்குப் போனால் மூன்று சாயங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விட்டுவிடும். நிறம் காணாமல் போகும், கறுப்பு வெள்ளை மட்டும்தான்.

எந்த அலைநீளம் என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 590 ஃபில்டர் ஆரஞ்சும் சிவப்பும் சேர்த்து உள்ளே விடுவதால் இலைகள் பொன்னிறமாக ஜொலிக்கும், எனக்கு அது சீக்கிரம் திகட்டிவிடும். 665ல் நிறமும் உண்டு, நிதானமும் உண்டு. 850 கறுப்பு வெள்ளைக்கு மட்டும், அதில் அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்றே ஒன்று என்றால் 720. அதில் எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக்கினாலும் 850க்கு வெகு தூரமில்லை. மாற்றாத பாடியில் 850 வாங்கவே வேண்டாம், எக்ஸ்போஷர் நிமிடக்கணக்கில் போய்விடும்.

இனி பாடியை மாற்றுவது. சென்சாருக்கு முன்னாலுள்ள தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு வேறு கண்ணாடி வைப்பார்கள். வெறும் தெளிவான கண்ணாடி வைத்தால் அது ஃபுல் ஸ்பெக்ட்ரம், 720 கண்ணாடியையே உள்ளே வைத்தால் நிரந்தர ஐஆர் (அகச்சிவப்பு) பாடி. புதுக் கண்ணாடியின் ஒளியியல் தடிமன் பழையதற்கு ஈடாக இருந்தால்தான் ஃபோகஸ் தளம் இடம் மாறாது. எதையும் வைக்காமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தருபவரிடம் போகாதீர்கள்.

இரண்டில் எது? உங்களுடையது டிஎஸ்எல்ஆர் என்பதால் உள்ளேயே 720 வைப்பதுதான் நல்லது. ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் மிரருக்கும் சென்சாருக்கும் நடுவில் ஃபில்டர் போய்விடுவதால் வியூஃபைண்டர் எப்போதும் போலத் தெளிவாக இருக்கும், கையில் பிடித்தே படமெடுக்கலாம், ஷட்டர் வேகம் 1/125, 1/250 என்று சாதாரண நிலைக்கு வந்துவிடும். ஃபுல் ஸ்பெக்ட்ரம் செய்தால் லென்ஸ் முன்னால் கறுப்பு ஃபில்டர் மாட்டிய கணமே வியூஃபைண்டர் இருண்டுவிடும். மிரர்லெஸ் (அந்த மிரர் இல்லாத கேமரா) வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அவர்கள் பார்ப்பது சென்சார் பார்ப்பதை, ஃபோகஸும் சென்சாரிலேயே நடக்கிறது. அவர்களுக்கு ஃபுல் ஸ்பெக்ட்ரம் சொல்வேன். டிஎஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸ் தனி சென்சாரில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நடப்பதால், மாற்றித் தருபவர் அகச்சிவப்புக்கு ஏற்ப அதைத் திருத்தியும் தர வேண்டும். எந்த லென்ஸை வைத்துத் திருத்துவார் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு லென்ஸுக்குத் திருத்தியது இன்னொன்றுக்குச் சரியாக இருக்கும் என்று உறுதியில்லை. லைவ் வியூவில் ஃபோகஸ் செய்தால் இந்தத் தலைவலி கிடையாது.

நீங்களே பிரிக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஃப்ளாஷ் உள்ள பாடிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும். அதைத் தாண்டினாலும் நகத்தளவு ரிப்பன் கேபிள்கள், சென்சாரில் தூசி என்று வரிசையாக இருக்கிறது. எல்லா மாடலும் மாற்றத் தோதானதும் அல்ல. சில பாடிகளில் ஷட்டரைக் கண்காணிக்க உள்ளேயே ஒரு ஐஆர் விளக்கு எரியும், தடுப்பை எடுத்ததும் அது படத்தில் மூட்டமாகப் பதியும். தூசியை உதறும் கண்ணாடியும் தடுப்புக் கண்ணாடியும் ஒன்றாக உள்ள மாடல்களில், மாற்றிய பிறகு அந்த வசதி போய்விடலாம்.

பிரிக்காமலே முடிகிற பாடிகளும் வந்தன. சிக்மாவின் எஸ்டி வரிசையில் தடுப்புக் கண்ணாடியை நாமே கழற்றி மாட்டலாம். ஃபுஜிஃபில்ம் 2015ல் எக்ஸ்-டி1 ஐஆர் என்று தடயவியல், மருத்துவம் போன்ற துறைகளுக்காக ஒரு மாடல் விட்டது. கேனான் 60டிஏ, நிக்கான் டி810ஏ போன்ற வானியல் மாடல்களை இதற்கென்று வாங்கிவிடாதீர்கள். அவை 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளிக்காகத் தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தியவை, அகச்சிவப்பை வழக்கம்போல வெட்டிவிடும்.

லென்ஸுக்கு வருவோம். ஹாட் ஸ்பாட் என்பது படத்தின் நடுவில் வெளிறிய வட்டமாக ஒரு திட்டு. லென்ஸின் பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகப் போடப்பட்டவை, அகச்சிவப்பில் அவை பிரதிபலிப்பை ஒழுங்காக அடக்குவதில்லை. லென்ஸ் குழலுக்குள் அடித்த கறுப்பு வண்ணமும் அகச்சிவப்பில் கறுப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டும் சேர்ந்து சென்சாருக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒளி போய்வந்து நடுவில் குவிகிறது. விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விலையுயர்ந்த லென்ஸ் சொதப்பும், கிட் லென்ஸ் அமைதியாக வேலை செய்யும். மேகமில்லாத வானத்தை எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொன்றிலும், ஜூம் என்றால் இரு முனைகளிலும் எடுத்து, கணினியில் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். பொதுவாக அபெர்ச்சரைச் சுருக்கச் சுருக்கத் திட்டு சிறிதாகி, ஓரம் கூர்மையாகி, கண்ணை உறுத்தும். எஃப் 5.6ல் சுத்தமாகவும் எஃப் 11ல் பயனற்றும் இருக்கும் லென்ஸ்கள் ஏராளம். இந்தச் சோதனைக்கு மாற்றிய பாடி தேவையில்லை, டிரைபாடும் ஃபில்டரும் போதும். முதலில் ஃபில்டர் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

அபெர்ச்சரைச் சுருக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. டிஃப்ராக்ஷன், அதாவது சிறிய துவாரத்தில் ஒளி விரிந்து கூர்மை குறைவது, அலைநீளத்தோடு சேர்ந்து வளரும். 850ல் எஃப் 8 என்பது பச்சை ஒளியில் எஃப் 12 வைத்ததற்குச் சமம். எஃப் 16 பக்கம் போகவே வேண்டாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, மற்ற புகைப்படக்காரர்கள் கேமராவை மூட்டை கட்டும் உச்சி வெயில்தான் நமக்கு நல்ல நேரம். மீட்டரை முழுதாக நம்பாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளந்து சொல்கிறது, அதற்கும் அங்கே எவ்வளவு அகச்சிவப்பு இருக்கிறது என்பதற்கும் நிலையான விகிதம் இல்லை. ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள், முதலில் வெடிப்பது அதுதான். வீட்டுக்குள் எல்இடி விளக்கில் முயன்றால் ஏமாற்றம்தான், அதில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. பழைய குண்டு பல்பிலும் கேமரா ஃப்ளாஷிலும் தாராளமாக உண்டு.

மனிதர்களை எடுத்தால் தோல் மெழுகு பூசியதுபோல் வரும், ஏனென்றால் இந்த ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் போய்த் திரும்புகிறது. முகப்பரு மறையும், ரத்தநாளம் தெரியும், மழித்த தாடி நிழலாகத் தெரியும். கரும்பழுப்புக் கருவிழிகூட வெளிறி, உள்ளிருக்கும் கோடுகளைக் காட்டும். கருவிழி ஸ்கேனர்கள் அகச்சிவப்பில் வேலை செய்வது அதனால்தான். சில மெல்லிய துணிகள் இதில் லேசாக ஊடுருவித் தெரியும். 1998ல் சோனி வீடியோ கேமராக்களின் நைட்ஷாட் வசதி இதனாலேயே சர்ச்சையாகி, பிறகு பகலில் அது எளிதில் வேலை செய்யாதபடி மாற்றினார்கள். ஆட்களை எடுத்தால் படத்தைப் பகிருமுன் நீங்கள் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஃபில்டரைக் கண்ணருகே வைத்துச் சூரியனைப் பார்க்காதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள். கறுப்பாகத் தெரிவதால் கண்ணின் பாவை விரியும், அகச்சிவப்பு தடையின்றி விழித்திரைக்குப் போகும், வலியும் தெரியாது.

கடைசிக் கேள்வி, பழையபடி சாதாரணப் படம் எடுக்க முடியுமா என்பது. ஃபுல் ஸ்பெக்ட்ரம் பாடியில் லென்ஸ் முன்னால் தடுப்பு ஃபில்டர் ஒன்று மாட்டினால் ஏறக்குறைய பழைய நிறம் வரும். அகலக்கோண லென்ஸில் மட்டும் ஓரங்களில் நிறம் மாறலாம், ஏனென்றால் அந்த வகை ஃபில்டர்கள் சாய்வாக வரும் ஒளியை வேறு மாதிரி வெட்டும். உள்ளே 720 வைத்துவிட்டால் வெளியில் எதை மாட்டியும் பயனில்லை, பாடியை மறுபடி பிரித்தாக வேண்டும். அதனால் வேலையைக் கொடுக்கும்போதே, கழற்றிய பழைய கண்ணாடியைத் திருப்பித் தரச் சொல்லிவிடுங்கள். அது கையில் இல்லையென்றால் பின்னால் அதே மாடலில் பழுதான பாடி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.